கோட்டைத் தாண்டிய பெஞ்சு

கதை சொல்லுறேன், ஆனா தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு தன்சிகா. உங்கம்மா டீச்சரு, நான் ஆறாங்கிளாஸோட நின்னவ. பெரியம்மா என்னத்தச் சொல்லிக் குடுத்தான்னு காலைல என்னத்தான் பிடிச்சுக்குவா. நீ "ம்" மட்டும் கொட்டு. வேற யார்கிட்டயும் சொல்லாத.

ஒரு ஊர்ல ஒரு வகுப்பு இருந்துச்சாம். மேல சிமெண்டு ஷீட்டு, நடுவுல ஒரே ஒரு ஃபேனு. கிறீச் கிறீச்சுன்னு சுத்தும். நேர் கீழ இருக்கிற பெஞ்சுக்குத்தான் காத்து. மத்த பெஞ்சுக்குச் சத்தம் மட்டும் வரும்.

கடைசி பெஞ்சுல முத்தரசின்னு ஒருத்தி. பக்கத்துல மேற்குப் பாத்த ஜன்னல், கதவு கிடையாது. மத்தியானமானா வெயில் நேரா வந்து அவ முதுகுல உக்காந்துக்கும். வேர்க்குரு சுள்ளு சுள்ளுன்னு குத்தும். நோட்டுல கை வச்சா, கையோட நோட்டும் எந்திரிச்சு வரும். ம் சொல்லு.

அப்போ அவ போயி, பின்னாடி காத்தே வரல டீச்சர்னு சொன்னாளாம். ஸ்டெல்லா டீச்சர் நாற்காலி எங்க கிடக்கு? வாசல்ல, வேப்பமரத்துக் காத்துல. "எனக்குக் குளுகுளுன்னுதான இருக்கு"ன்னுட்டாங்க. பொய் சொல்லல பாவம், அவங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு.

அப்புறம் முத்தரசி என்ன செஞ்சா? டீச்சர் போர்டுப் பக்கம் திரும்புறப்பல்லாம் பெஞ்ச ஒரு விரக்கடை முன்னால தள்ளுனா. சர்ர்ர். அதப் பாத்து பக்கத்து பெஞ்சும் சர்ர்ர். முன் பெஞ்சுக்காரங்க பின்னால சர்ர்ர். கால எடு தன்சிகா, மேல பட்டாச் சுடுது. கடைசில பாத்தா எல்லாப் பெஞ்சும் ஃபேனுக்கடியில முட்டிக்கிட்டு நிக்குது, சந்தைல அடைச்ச ஆடு மாதிரி. ஒருத்தன் தன் காலுன்னு நெனச்சு அடுத்தவன் காலச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கான்.

டீச்சருக்கு வந்துச்சே கோவம். பெஞ்சையெல்லாம் பழைய இடத்துல இழுத்துப் போட்டு, ஒவ்வொண்ணையும் சுத்திச் சாக்பீஸால கோடு கிழிச்சாங்க. எந்தப் பெஞ்சு கோட்டத் தாண்டுனாலும் ஃபேனக் கழட்டி ஹெட்மாஸ்டர் ரூம்ல மாட்டிருவேன்னுட்டாங்க. எல்லாப் பிள்ளைகளும் முத்தரசிய முறைச்சுதுக, உன்னால இருக்கிற காத்தும் போகப் போகுதுன்னு.

தூங்கிட்டியா? இல்லியா? தள்ளிப் படுக்கணுமா, சரி.

அப்போ முத்தரசி மூணாவதா ஒண்ணு யோசிச்சா. ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரு குணம். கணக்குச் சொல்லிக் குடுக்க உக்காந்தா, விடை வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. வெயில் ஜன்னலுக்கு வர்ற நேரம் பாத்து இவ நோட்ட நீட்டுனா.

"டீச்சர், இந்த வகுத்தல் மட்டும் புரியல."

டீச்சர் வந்து அவ இடத்துல உக்காந்தாங்க. இவ எந்திரிச்சு நின்னுக்கிட்டா.

கணக்கு நீளம், வெயிலு அதவிட நீளம். நெத்தியில வேர்வை, மூக்கு நுனியில வேர்வை. சொட்டு, சொட்டு. நோட்டுல எட்டு அழிஞ்சு மூணு மாதிரி ஆயிருச்சு. திரும்ப முதல்லேருந்து. டீச்சர் முந்தானையால விசிறுறாங்க, நெளியுறாங்க, கால ஊனி முன்னால எக்குறாங்க. சர்ர்ர்.

பெஞ்சு கோட்டத் தாண்டி நிக்குது.

முத்தரசி குனிஞ்சு கோட்டப் பாத்தா. டீச்சரும் பாத்தாங்க. அப்புறம் ஃபேன அண்ணாந்து பாத்தாங்க. போகுமோ போகாதோன்னு எல்லாத் தலையும் கூடவே அண்ணாந்துச்சு.

டீச்சர் செருப்பால கோட்டச் சரக் சரக்குன்னு அழிச்சாங்க. "எந்திரிங்க, பெஞ்செல்லாம் ஃபேனச் சுத்தி வட்டமாப் போடுங்க"ன்னாங்க. அப்புறம் ஒரு கோணிச் சாக்க நனைச்சு ஜன்னல்ல தொங்கவிட்டு, வட்டத்துக்கு நடுவுல நின்னு மிச்சக் கணக்க முடிச்சாங்க. விடை என்னன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. இதுக்குத்தான் முதல்லயே பயந்தேன்.

ஏ, இரு. நான் ஃபேனுக்கு நேராத்தான படுத்தேன், இப்ப எப்படி பீரோ ஓரத்துல கிடக்கேன்? ஒவ்வொரு "ம்"முக்கும் என்னத் தள்ளிக்கிட்டே ஒரு உருளு உருண்டுருக்க. சிரிக்காத. கோடு கிழிச்சு உன்ன நிறுத்த முடியாது. இந்தா, நானும் ஃபேனுக்கடிக்கு நகந்து வந்து உன் பாவாடை நுனிய என் முந்தானையில முடிச்சுப் போட்டாச்சு. நீ எங்க உருண்டாலும் நானும் வருவேன். கதை தீந்துபோச்சு, காத்து ரெண்டு பேருக்கும் வருது, கண்ண மூடு.