பதினோரு பாதி மீசைகள்

குன்றைநாட்டு அரசர் மாறவேளுக்குப் புகழ்ச்சி என்றால் கொள்ளை ஆசை. அவர் பட்டத்துக்கு வந்த முப்பத்தோராம் வருஷம், அரண்மனைச் சோதிடர் விருத்தகிரி அந்த ஆசைக்கு நல்ல தீனி போட்டார்.

அரசர் பிறந்தது ஐந்தாம் கிழமை, நான்காம் திதி, ஏழாம் நட்சத்திரம். ஆக, அரசரின் எண் ஐநூற்று நாற்பத்தேழு. அதையே முப்பத்தொரு தடவை இடைவெளி விடாமல் சபா மண்டபச் சுவரில் வெட்டிவைத்தார் சோதிடர். மொத்தம் தொண்ணூற்று மூன்று இலக்கம். சுவர் போதாமல் தூணையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

“இதை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. இது வகுபடாதவரை நாடும் பிளவுபடாது!” என்றார்.

அரசர் பூரித்துப்போனார். வகுத்துக் காட்டுகிறவருக்குக் கேட்ட பரிசு என்று அறிவித்தார். ஒன்று என்ற எண்ணைச் சொல்லி ஏமாற்றக்கூடாது. அந்தப் பெரிய எண்ணையே திருப்பிச் சொல்லவும் கூடாது. தோற்றவருக்குப் பாதி மீசை போகும். மறுபாதியை எடுக்கவும் அனுமதி இல்லை.

கணித பண்டிதர்கள் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு, மூன்று, ஏழு என்று முந்நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. பதினோரு பாதி மீசைகள் சபையில் வரிசையாக உட்கார்ந்தன.

பன்னிரண்டாவதாகத் தாண்டவராயனை மாட்டிவிட்டார் சோதிடர். சபையில் அவரைக் கிண்டல் செய்யத் துணிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் மீசையோ ஊரறிந்த மீசை. தினம் அரை நாழிகை அதற்கு எண்ணெய் தடவாமல் வெளியே வரமாட்டான்.

“இவ்வளவு பேசுகிறவருக்குக் கணக்கா வராது?” என்றார் சோதிடர், தேனொழுக. நாவிதர் கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டார்.

தாண்டவராயன் சுவரைப் பார்த்தான். மீசையை ஒரு முறுக்கு முறுக்கி முடிப்பதற்குள் விடை தெரிந்துவிட்டது. அதிலுள்ள ஆபத்தும் புரிந்தது. சொல்லாவிட்டால் மீசை போகும். சொன்னாலோ, மீசை இருக்கும் தலையே போகும்! அரசர் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

“மகாராஜா, கணக்குக்கு முன்னால் ஒரு சந்தேகம். இந்த நாட்டைப் பிரிக்கும் அதிகாரம் யாருக்கு?”

“இதென்ன கேள்வி? என்னைத் தவிர எவனுக்கும் கிடையாது!” என்று உறுமினார் அரசர்.

“எழுத்தரே, அரசர் வாக்கை அப்படியே ஓலையில் எழுதும். ஆயிற்றா? சரி, இனி கணக்கு.”

தாண்டவராயன் ஒரு கோலை எடுத்துக்கொண்டு சுவரருகே போனான்.

“அரசரின் எண்ணாலேயே வகுக்கிறேன். முதல் மூன்று இலக்கம், ஐநூற்று நாற்பத்தேழு. அதில் ஐநூற்று நாற்பத்தேழு எத்தனை தடவை போகும்? ஒரே தடவை. மீதி இல்லை. அடுத்த மூன்றும் அதேதான். ஒரு தடவை. மீதி இல்லை.”

இப்படியே சுவர் முழுக்க நடந்து, தூணையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “முப்பத்தொரு தடவையும் மீதி இல்லை. விடை, முதலில் ஒன்று. அப்புறம் ‘பூஜ்யம் பூஜ்யம் ஒன்று’ முப்பது தடவை.”



“ராஜத் துரோகம்!” என்று அலறினார் சோதிடர். “அரசரின் எண்ணா நாட்டைப் பிளக்கும்?”

“நான் எங்கே ஐயா சொன்னேன்? ஓலையைப் பாரும். நாட்டைப் பிரிக்க அரசர் ஒருவரால்தான் முடியுமாம். நீர் வெட்டிவைத்த எண்ணும் அதையேதான் சொல்கிறது.”

அரசர் ஓலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கோபப்பட வழியே இல்லை. தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். “பலே! என்ன வேண்டும், கேள்!”

“இந்தப் பண்டிதர்கள் மறுபாதியையும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். நாவிதர் தீட்டிய கத்தி வீணாகாமல், சோதிடருக்கு ஒரு பாதி.”

“அப்படியே ஆகட்டும்!” என்ற அரசர், சிரிப்பு அடங்காமல் பண்டிதர்கள் பக்கம் திரும்பினார். “இத்தனை படித்தும் உங்களில் ஒருவருக்குக்கூட இது தெரியவில்லையே!”

மூத்த பண்டிதர் எழுந்து, மிச்சமிருந்த பாதி மீசையைத் தடவிக்கொண்டார்.

“முதல் நாளே தெரியும், மகாராஜா. ஆனால் மீசை போனால் மறுபடி முளைக்கும்.”