ஆயிரம் மீட்டர் மிதவை

சவரிமுத்துவுக்கு இரண்டு காலும் இல்லை. ராணுவத்தில் இருந்தபோது கண்ணிவெடியில் போனது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் எரிந்து விழுவார். அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை ஏரித்துறையில் கெஞ்சாத குறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், நீங்க இல்லாம எனக்குக் கை ஏன் ஓடமாட்டேங்குது?"

பத்ருன்னிசா அவருடைய துடுப்புப் படகு கோச். அவரைவிட ஒன்பது வயது இளையவள். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பாராலிம்பிக்குக்கான தேர்வில் இரண்டு முறை பாதி தூரத்திலேயே துடுப்பை விட்டுவிட்டார். மறுநாள் மூன்றாவது தேர்வு. முப்பத்தெட்டு வயதில் நான்காவது கிடையாது.

துடுப்புப் படகில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னால் போக வேண்டும். பயிற்சியில் அவர் கண்ணுக்கு எதிரே எப்போதும் பத்ருவின் மோட்டார் படகு வந்துகொண்டிருக்கும். தேர்வில் கோச் படகு தண்ணீரில் இறங்கக் கூடாது. எதிரே வெறும் தண்ணீர்தான்.

"ஏறுங்கண்ணா, ரெண்டாயிரம் போயிட்டு வரலாம்" என்றாள்.

அவரைத் தூக்கி இருக்கையில் வைத்து நெஞ்சுப் பட்டையை மாட்டினாள். அக்கரையிலிருந்து துறை வரை இரண்டாயிரம் மீட்டர், தேர்வில் ஓட்ட வேண்டிய அதே தூரம். அக்கரைக்குப் போய், அங்கிருந்து துறையை நோக்கிப் புறப்பட்டார்கள்.

பாதித் தூரத்தைக் காட்டும் ஆயிரம் மீட்டர் மிதவைக்குப் பக்கத்தில் மோட்டார் சத்தம் நின்றது.

"மேடம், என்னாச்சு?"

பத்ரு இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மேடம்."

வரவில்லை. அவர் கை பழக்கத்தில் துடுப்பை இழுத்துக்கொண்டிருக்க, அவள் முகம் தெரியாமல் போனது. அப்புறம் அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டை மட்டும் தெரிந்தது. அத்தனை பெரிய ஏரியில் தன்னை ஒற்றையாய் விட்டுவிட்டாளே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"சரி, வராட்டிப் போங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். வீம்புக்குத் துடுப்பை இழுத்தார். திட்டிக்கொண்டே இழுத்தார். மஞ்சளும் மறைந்தது.

படகு துறைக்கு வந்தபோது அங்கே அவருடைய சக்கர நாற்காலி நின்றது. இறக்கிவிட ஆள் இல்லை. பட்டையைக்கூட அவிழ்க்காமல் படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிஷம் கழித்து பத்ரு வந்து சேர்ந்தாள்.

"பாதியில விட்டுட்டீங்களே மேடம். நான் உங்கள நம்பித்தானே தண்ணியில இறங்கறேன்?"

"தப்புதாண்ணா. நான் எங்க நின்னேன்?"

"ஆயிரம் மீட்டர் மிதவைகிட்ட."

"நீங்க எங்க நின்னீங்க?"

சவரிமுத்து வந்த வழியைப் பார்த்தார். மிதவை கண்ணுக்கே எட்டவில்லை. படகின் ஓரம் துறைப் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது.