மருதப்பன் விடுதலைப் போராட்டக் குழு

ஆலையை மூடிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் சங்கத்தைக் கலைக்காத ஊர் ஒன்று உண்டு. சங்கத்தில் இப்போது நாலே பேர். தலைவர் தோழர் செங்கோடன். நாற்பத்தொரு ஆண்டுகள் போராடியவர், ஒன்றிலும் வென்றதில்லை. ஆலைக்குள் கழிப்பறை கேட்டார், ஆலையையே மூடினார்கள். இரண்டாவது பேருந்து கேட்டு மறியல் செய்தார், முதல் பேருந்தும் வராமல் போயிற்று. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு கோரிக்கையாவது நிறைவேறி, அதைத் தன் கையால் துண்டறிக்கையில் எழுதிவிட வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை கிடையாது.

அதற்கு வழி காட்டியது சங்க அலுவலகத்துத் தொலைக்காட்சிப் பெட்டி. வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு அதில் ‘ஏழாம் எண் கிணறு’ ஓடியது. விருதெல்லாம் வாங்கிய குற்றத் தொடர். கிணற்றில் பிணம் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் ராஜசிம்மன் லாரி கிளீனர் மருதப்பனைப் பிடித்து உள்ளே போடுகிறார். நாடே கொலையாளி யார் என்று கேட்டுக்கொண்டிருக்க, நம்மவர்கள் மட்டும் மருதப்பன் எந்தச் சங்கம் என்று கேட்டார்கள்.

“ராஜசிம்மனா வர்றவன் என்னமா நடிக்கறானுங்க!” என்றார் கிட்டான்.

“நடிப்பாவது? எம்பத்தாறு மறியல்ல எம்பட முட்டியில அடிச்சவன் இவனேதான். அதே மீசை,” என்றார் திம்மையன்.

“அப்ப இவனுக்கு மூணு வயசுதானுங்க இருக்கும்.”

“அப்பவே மீசை இருந்துச்சுங்கறேன்!”

நாலாவது ஆள் பாப்பாத்தி. முப்பது ஆண்டு நூற்புப் பிரிவில் நின்றவர். கண்ணாடி அவரிடம் மட்டும் இருந்ததால், திரையில் வரும் எழுத்தையெல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார். “இதில் வரும் சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே,” என்று ஒருநாள் படித்தார்.

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டார். “கேட்டீங்களா? பொய்க்கேசுன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்! நம்ம மேல போட்ட நாலு கேசும் கற்பனைதான். எவனாவது எழுத்துல ஒத்துக்கிட்டானா?”

போராட்டக் குழு அமைந்தது. தீர்மானத்தை எழுதும்போதே விளம்பர இடைவேளை வந்தது. அதில் மருதப்பன் பனியன் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“உள்ள இருக்கறவன் இங்க எப்படீங்க சிரிக்கறான்?” என்றார் கிட்டான்.

செங்கோடன் படித்த எந்தப் பிரசுரத்திலும் இதற்கு விடை இல்லை. அவரே ஒன்று கண்டுபிடித்து, “பரோல்,” என்றார்.

“பரோல்ல வந்தவன் ஊட்டுக்குப் போகாம பனியனை எதுக்குங்க காட்டறான்?” என்றார் பாப்பாத்தி.

“கைதிகிட்ட இனாமா வேலை வாங்கறாங்க. ரெண்டாவது கோரிக்கையா எழுதுங்க!”

மருதப்பன் வெளியே வரும்வரை உண்ணாவிரதம் என்று முடிவாயிற்று. சர்க்கரை நோயாளியான திம்மையன் கையைத் தூக்கினார். “வெள்ளிக்கிழமை ஏழுல இருந்து எட்டு வரைக்குந்தான அவரு உள்ள இருக்காரு? மத்த நேரம் நாம எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?”

நியாயமாகத்தான் பட்டது. வெள்ளி ஏழு முதல் எட்டு வரை உண்ணாவிரதம். விளம்பரத்தின்போது மருதப்பன் பரோலில் இருப்பதால் போராட்டம் நிறுத்திவைக்கப்படும். அந்த நேரத்தில் போண்டா வழங்கப்பட்டது. ராஜசிம்மனின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கடித்த போண்டாவை அப்படியே கீழே வைப்பார்கள். வாயில் இருப்பதை விழுங்கலாமா என்று ஒரு வாரம் விவாதித்து, விழுங்கலாம் என்று பெரும்பான்மையில் நிறைவேற்றினார்கள். ஒன்பது வாரப் பட்டினியில் திம்மையன் இரண்டு கிலோ ஏறிவிட்டார்.

கடைசி வாரம் நீதிபதி மருதப்பனை விடுதலை செய்தார். மூவரும் குதித்தார்கள். செங்கோடன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சிந்தினார். பிறகு துண்டறிக்கை எழுத உட்கார்ந்தார். ‘வெற்றி’ என்று எழுதிப் பழக்கமில்லாததால் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பிறகு நுழைத்தார்.

மறுநாள் காலை பூமாலையோடு சிறை வாசலில் போய் நின்றார்கள்.

“மருதப்பனா? அப்படி யாரும் இங்க இல்லையே,” என்றார் காவலர்.

“எப்படி இருப்பாரு? நேத்தே விடுதலையாயிட்டாரே!” என்றார் செங்கோடன் பெருமையாக.

அந்நேரம் சின்னக் கதவு திறந்து, வழுக்கைத் தலையும் மஞ்சள் பையுமாக ஒரு குட்டை மனிதர் வெளியே வந்தார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

“மருதப்பனுக்குச் சுருட்டை முடியாச்சுங்களே,” என்று கிட்டான் இழுத்தார்.

“ஒம்போது வாரம் ஜெயில் சோறு தின்னு பாரு, உனக்கும் கொட்டும்!”

“அய்யா, எம்பேரு குப்புராசுங்க. ஆடு திருடிட்டு உள்ள இருந்தேன்,” என்றார் வந்தவர்.

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அடிச்ச அடியில பேரே மறந்துபோச்சு பாருங்க. தூக்குங்க தோழரை!”

தோளில் தூக்கிவிட்டார்கள். பயந்துபோன குப்புராசு, “ஆட்டைத் திருடினது நாந்தான்!” என்று மேலிருந்து அலறினார்.

ஊர்வலத்தில் மேலே இருப்பவர் ஒரு வரி சொன்னால், கீழே இருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு ஆண்டுப் பயிற்சி.

“ஆட்டைத் திருடினது நாந்தான்!” என்று நால்வரும் முழங்கினார்கள்.

“சத்தியமா நாந்தான்!”

“சத்தியமா நாந்தான்!”

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. தன் வாழ்வின் முதல் வெற்றி ஊர்வலம் அல்லவா, செங்கோடனின் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கி ஒலித்தது. காவல் நிலையத்து வாசலில் மட்டும், அதிகார வர்க்கத்தின் காதில் நன்றாக விழட்டும் என்று, நின்று மூன்று முறை சொன்னார்கள்.