தும்பையன் வாய்க்கு ஒரு கடிவாளம்

ஒரு காட்டில் மந்திகள் எல்லாம் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்க, பூவாத்தா என்ற மந்தி மட்டும் குதிரை மேல்தான் போவாள். குதிரைக்குத் தும்பையன் என்று பேர். தும்பைப் பூ மாதிரி வெளேரென்று இருப்பான், பரம சாது. யாராவது அவன் வாலை மிதித்துவிட்டால், மிதித்தவருக்குக் கால் வலிக்குமோ என்று திரும்பிப் பார்க்கிற பிள்ளை.

தாயில்லாக் குட்டியாக அவன் காட்டில் அலைந்தபோது எடுத்து வளர்த்தவள் பூவாத்தாதான். அவனுக்கு முதல் கடிவாளம் வாங்கிய நாளில் ஆலமரத்து நார்க்கயிறு ஒன்றை எடுத்து, அவன் குட்டி வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்தாள். அந்த அளவுக் கயிற்றை அப்புறம் அவள் தூக்கிப் போடவே இல்லை. ஆசையாகத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

இருவருக்கும் ஒரு பெரிய வேலை இருந்தது, குழந்தைகளே. மழைக்காலத்தில் மலைமேல் உள்ள ஏரி வழியத் தொடங்கினால், கீழே பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருக்கும் முயல்களுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வழி முழுக்கச் சரிவு. பாதி வழியில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே சட்டென்று இடப்பக்கம் திரும்ப வேண்டும், தவறினால் அதல பாதாளம்.

அந்த வருஷம் ஒத்திகை பார்த்தபோது தும்பையன் திரும்பவில்லை. பூவாத்தா கடிவாளத்தின் இடப்பக்க வாரை இழுத்தால், அவன் தலையை மேலே தூக்கி வாயைப் பிளந்துகொண்டு நேராக ஓடினான். இரண்டு தடவை பாறை விளிம்பில் குளம்பு தேய்த்துத்தான் நின்றார்கள்.

காட்டுக்குத் தலைவி பெரியநாயகி என்ற யானை. எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள். அவள் பூவாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"பூவாத்தா, உனக்கு அவன் மேல உசிருன்னு எனக்குத் தெரியும். ஆனா முயலுங்க உசிரை நான் பார்க்கணும். ஏரி வழியறதுக்குள்ள அவனை அடக்கு. முடியலேன்னா இந்த வேலைக்குக் காட்டெருமையை வெச்சுக்கறேன். தும்பையனை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடறேன்."

தும்பையனைப் பிரிந்து ஒரு நாள்கூடப் பூவாத்தா இருந்ததில்லை. நேரே நாவல் மரத்தடியில் கடிவாளக் கடை வைத்திருந்த நரியிடம் ஓடினாள்.

"தம்பி, என் குதிரை பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

"கடிவாளத்துல காரம் பத்தலைக்கா," என்றான் நரி. "குதிரை வளர வளர வாயில போடற கம்பியும் கடுமையா இருக்கணும். அளவு என்ன?"

பூவாத்தா கழுத்திலிருந்த கயிற்றைப் பெருமையாகக் கழற்றிக் கொடுத்தாள். நரி கயிற்றைப் பார்த்தான். வெளியே மரம் உயரத்துக்கு நின்ற தும்பையனையும் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் பொருத்தமான கடிவாளத்தைக் கொடுத்துவிட்டால் அக்கா நாளைக்கு ஏன் கடைப்பக்கம் வரப்போகிறாள்? அதனால் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் முறுக்குக் கம்பி போட்ட கடிவாளம் கொடுத்தான். இரண்டாம் நாள் தாடையை இறுக்கும் சங்கிலி வைத்தது. மூன்றாம் நாள் கத்தி மாதிரி மெலிந்த கம்பி. எல்லாம் அந்தக் கயிற்றின் அளவுதான். ஒவ்வொரு தடவையும் பூவாத்தா கம்பியைத் தும்பையன் வாய்க்குள் திணித்து, வாரை மாட்டி, அன்பாகக் கேட்பாள்.

"நல்லா இருக்காடா கண்ணு?"

"ம்ம்," என்பான் தும்பையன். வாய் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு பாவம், வேறு என்ன சொல்வான்? பூவாத்தா அதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வாள். ஆனால் கம்பி கடுமையாக ஆக ஆக, அவன் தலையைத் தூக்குவதும் அதிகமாகிக்கொண்டே போனது.

நான்காம் நாள் வானம் கறுத்துவிட்டது. நரி தன் கடையில் இருப்பதிலேயே பொல்லாத கடிவாளத்தை எடுத்துக் கொடுத்தான். கம்பி முழுக்கப் பல் பல்லாக இருந்தது.

"இதைப் போட்டா யானைகூட திரும்பும்க்கா," என்றான்.

பூவாத்தா அதை வாங்கிக்கொண்டு தும்பையனோடு வரும் வழியில் அத்திமரத்தில் பழம் பழுத்துத் தொங்கியது. தும்பையனுக்கு அத்திப்பழம் என்றால் கொள்ளை ஆசை. அவனை மரத்தடியில் மேய விட்டுவிட்டு ஏறினாள். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே! மந்திகள் எல்லாம் செய்கிற மாதிரி, கையில் இருந்ததை வாயில் கவ்விக்கொண்டாள்.

பாதி மரம் ஏறியிருப்பாள். பின்னால் தொங்கிய வார் ஒரு கிளையில் போய் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் பூவாத்தா அடுத்த கொம்புக்குத் தாவினாள். கம்பி வெடுக்கென்று பின்னால் இழுத்தது. பல் பல்லான இரும்பு இரண்டு கடைவாயையும் கிள்ளிப் பிடித்தது. பூவாத்தாவின் தலை தன்னால் மேலே தூக்கிக்கொண்டது. ஐயோ என்று கத்தப் பார்த்தாள்.

"ம்ம்," என்றுதான் வந்தது.

எப்படியோ வாரை விடுவித்து, கம்பியை வெளியே எடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொம்பில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையிலிருந்த கடிவாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடியே பூவாத்தா, இது உன் வாய்க்கே கச்சிதமா இருக்கேடி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கீழே தும்பையன் மேய்ந்துகொண்டிருந்தான். அவன் வாய் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். அவள் வாய் மாதிரி மூன்று வாய் அதற்குள் அடங்கும்.

சரசரவென்று இறங்கி வந்தாள். அவன் முகத்தில் மாட்டியிருந்த வாரையெல்லாம் கழற்றி, உதட்டை விலக்கிப் பார்த்தாள். வார் மறைத்திருந்த இரண்டு கடைவாயிலும் தோல் கிழிந்து சிவந்து கிடந்தது.

"ஏண்டா என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கறப்ப எல்லாம் வாயில கம்பி இருந்துச்சு, ஆத்தா."

"கழட்டின பிறகு சொல்லியிருக்கலாமில்ல?"

தும்பையன் காதை ஆட்டினான். "கழட்டின உடனே நீ தலையைத் தடவிக் குடுப்ப. புல்லு ஊட்டுவ. அந்த நேரத்துல உன்னை எதுக்கு அழ வைக்கணும்னு இருந்துட்டேன்."

பூவாத்தா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு புதுக் கொடியைப் பிய்த்து, கடைவாயிலிருந்து கடைவாய் வரை அளந்து, இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு முடிச்சுப் போட்டாள். தும்பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

மூலையில் வழவழவென்று உருண்டையான ஒரு சாதாரணக் கம்பி தூசி படிந்து கிடந்தது. கொடியை வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது.

"அதுல காரமே கிடையாதுக்கா," என்றான் நரி. "குதிரை மதிக்காது."

"அப்படியா தம்பி? அப்ப இந்தப் பல்லு வெச்சதை நீ ஒரு தடவை கவ்வு. வாரை நான் பிடிச்சு இழுக்கறேன்."

நரிக்கு உடனே இருமல் வந்துவிட்டது. இருமி முடித்ததும், உருண்டைக் கம்பியே உத்தமம் என்று ஒப்புக்கொண்டான்.

பூவாத்தா அதை மெதுவாகத் தும்பையன் வாயில் வைத்தாள். இரண்டடி நடக்க விட்டாள். பிறகு கம்பியை வெளியே எடுத்துவிட்டு, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டுக் காத்திருந்தாள்.

தும்பையன் நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். "நாக்குக்கு இடமிருக்கு. கிள்ளலை. இதுவே போதும், ஆத்தா."

மறுநாள் உச்சிப் பொழுதில் ஏரி வழிந்தது.

பெரியநாயகி காட்டெருமையைத்தான் கூப்பிட்டாள். அது நல்ல சோம்பேறி. முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அது யோசித்துக்கொண்டிருந்தபோதே, பூவாத்தா தும்பையன் மேல் தாவி ஏறிவிட்டாள். தடுக்க நேரமில்லை.

சரிவில் மண் பறந்தது. மொட்டைப் பாறை நெருங்கியது. பழைய பழக்கத்தில் பூவாத்தாவின் கை வாரைப் பிடித்து இழுக்கத் துடித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, இடப்பக்க வாரை ஒரு விரல் அளவுதான் அசைத்தாள்.

தும்பையன் தலையைத் தாழ்த்தினான். தண்ணீர் வாய்க்காலில் வளைகிற மாதிரி இடப்பக்கம் வளைந்து போனான்.

முயல்கள் குஞ்சு குளுவான்களோடு மேட்டில் ஏறி முடித்த பிறகுதான் வெள்ளம் பள்ளத்துக்கு வந்தது. வளைகள் எல்லாம் மூழ்கின. ஒரு முயல்கூடக் குறையவில்லை.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த பெரியநாயகி மேட்டை ஒரு முறை பார்த்தாள், தும்பையனை ஒரு முறை பார்த்தாள்.

"நாலு நாளா அடங்காதவனை எப்படி அடக்கினே, பூவாத்தா?"

பூவாத்தா கீழே இறங்கி, தும்பையன் வாயிலிருந்த கம்பியை எடுத்துவிட்டு, "அவன்கிட்டயே கேளுங்க," என்றாள்.

தும்பையன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆத்தா என்னைக் கேட்டுச்சுங்க," என்றான்.

நீதி: நாம் நேசிக்கிறவருக்கு எது பொருந்தும் என்று நாமே முடிவு செய்துவிடாமல், அவர் வாய் திறந்து சொல்ல இடம் கொடுத்துக் கேட்க வேண்டும்.