சல்லடைக்கு அந்தப் பக்கம்

கடலோர ஊர் ஒன்றின் கோயிலில் வியாகுலம் சாமி பங்குத்தந்தையாக இருந்தார். குருவாகப் படிக்கும் குருமடத்திலிருந்து அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்தவன் இஞ்ஞாசி. ஊருக்கு அவன் பிரதர்.

இஞ்ஞாசியின் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. மணி அடிக்கும் கோயில்பிள்ளை சூசையின் கரகரப்பு, ஆயரின் மூக்குப் பேச்சு, மீன் ஏலக்காரரின் கத்தல், எல்லாம் வரும். சாமி மாதிரிப் பேசு என்றால் முதலில் இரண்டு தடவை செருமுவான். அந்தச் செருமலுக்கே கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் பையன்கள் வைக்கோலில் விழுந்து புரளுவார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மத்தியானம், அவர்களைச் சிரிக்கவைக்க, சாமி உட்கார்ந்து ஊரார் பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தான். திரையை இழுத்துவிட்டான். செருமினான்.

"யாரும்மா அது, பாவத்தைத் தலைமேல வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறது? உள்ள கொண்டாந்து இறக்கு."

வெளியே சிரிப்பு வெடித்தது. பிறகு சட்டென்று நின்றது.

மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் யாரோ முழந்தாளிட்டார்கள்.

"குடிலுக்கு ஓலை குடுக்கத்தான் வந்தேன். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு சாமி."

சல்லடை முகத்தை மறைக்கும், குரலை மறைக்காது. சலேத் அக்கா. புருஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து கோயில் படி ஏறாதவள்.

அவள் சொன்னது இங்கே வேண்டாம்.

இஞ்ஞாசி எழுந்து ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. வாய்க்கு மட்டும் பழக்கம் இருந்தது. அது சாமியின் குரலில் ஏதோ ஜெபம் சொன்னது, பரிகாரம் சொன்னது, மன்னிப்பும் சொன்னது. அவள் அழுது ஓய்ந்தாள். இந்த வருசம் நடுச்சாமப் பூசைக்கு வந்து நற்கருணை வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இஞ்ஞாசி சாமியின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தான். சொன்னால் அவள் மறுபடி அந்தப் படி ஏறமாட்டாள். சொல்லாவிட்டால், இன்னும் குருவாகாதவன் வாயிலிருந்து அவள் வாங்கிப்போன மன்னிப்பு வெறும் காற்று.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் சாமி தொட்டியில் இருந்தார். வரிசை கரைந்ததும் இஞ்ஞாசி முழந்தாளிட்டான். சொந்தக் குரல் எழும்பவில்லை. சூசையின் கரகரப்பு தானாக வந்தது.

"சாமி, ஒருத்தன் உங்க எடத்துல உக்காந்து ஒரு அம்மாவோட பாவத்தைக் கேட்டுப்புட்டான்."

அந்த நேரம் பார்த்து மேலே கோபுரத்தில் மணி அடித்தது. சாமி அதற்குக் காது கொடுத்துக் கேட்டார்.

"அடிக்கிறது யாரு?"

சூசையைத் தவிர அந்தக் கயிற்றை யாரும் தொடுவதில்லை. மணி அடிக்கிற சூசை இங்கே முழந்தாளிட்டிருக்க முடியாது.

"எந்தக் குரல்ல பேசறதுன்னு தெரியல சாமி. என்னோடது எதுன்னே மறந்துபோச்சு."

"உள்ள ஒண்ணு நடுங்குது பாரு. அது."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் பெயரைச் சொல்லப்போனபோது சாமி சல்லடையில் விரலால் தட்டி நிறுத்தினார்.

"அந்த அம்மாவைக் கடவுள் கைவிடமாட்டார். நீ போய் அவங்ககிட்டச் சொல்லிட்டு வா."

"அவங்க திரும்ப வரவே மாட்டாங்க சாமி."

"நீ திரும்பி வர்றவரைக்கும் நான் இங்கேருந்து எந்திரிக்கமாட்டேன்."

சலேத் அக்கா தன் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் கயிறு கைநழுவியது. நட்சத்திரம் தரையில் விழுந்து ஒரு முனை மடங்கியது. தெருவில் பட்டாசு வெடித்த பிள்ளைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் அழுதப்போ சிரிச்சியா?"

"இல்லக்கா."

"அப்ப உடனே எந்திரிச்சு வந்திருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

அவள் குனிந்து நட்சத்திரத்தை எடுத்தாள். மடங்கிய முனையை நீவினாள். அது சரியாகவில்லை.

"இத்தனை வருசமா எனக்கும் அந்தப் பயம்தான் தம்பி" என்றாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நட. நீ முன்னால போ."

கோயிலில் தொட்டியின் திரை மூடியபடியே இருந்தது. சலேத் அக்கா தூணோரம் நின்றாள். அவள் பார்வை முதுகில் பட, இஞ்ஞாசி முழந்தாளிட்டான். வாயைத் திறந்தான். தொண்டையில் சூசை வரவில்லை. ஆயரும் வரவில்லை.

சல்லடைக்கு அந்தப் பக்கம் இரண்டு தடவை செருமல் கேட்டது.

"யாரு?"

"நான்..." அது பாதியில் உடைந்தது. மறுபடி எடுத்தான். "நான்தான் சாமி."

"இப்பத்தான் கேக்குது."