சேற்றுக் காலோடு வந்தவள்

உட்கார்ந்தாயிற்றா? முன்வரிசையில் கைகூப்பிக்கொண்டு இருக்கிறவர்களே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கதை உங்களுக்குத்தான்.

வெகுகாலத்துக்கு முன்னே, ஒரு பெரிய ஏரிக்குக் கீழே இருந்த சின்ன நாட்டைச் சவரிராயன் என்றொரு ராஜா ஆண்டான். மகா பக்திமான்! அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான். பளிங்குத் தளம் போட்டு ஆண்டவருக்குக் கோயில் கட்டினான். ஊர் ஆண்கள் இருநூறு பேரையும் உள்ளே கூட்டினான்.

"ஆண்டவர் என்னோடு பேசும்வரை எல்லாரும் முழங்காலில் நிற்கவேண்டும். எழுந்தவனுக்குச் சவுக்கடி" என்றான்.

அடைமழைக் காலம் அது. மடை காக்கும் சந்தியாகுவும் அவன் மனைவி மிக்கேலம்மாவும் மட்டும் ஏரிக்கரையில் இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கரையில் ஓரிடத்தில் உடைப்பு விழுந்தது. சந்தியாகு உடைப்பில் முதுகைக் கொடுத்து நின்றான். மிக்கேலம்மா கோயிலுக்கு ஓடினாள்.

"ராசா, கரை உடையுது! எங்க வீட்டுக்காரர் ஒத்தையா நிக்கிறாரு. பத்து ஆள் குடுங்க!"

ராஜா அவள் முகத்தைப் பார்த்தானா? காலைப் பார்த்தான்!

"சேத்துக் காலோடயா உள்ள வந்தே? கழுவிட்டு வா."

பாவி மகள், ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ராசா, அஞ்சு ஆள் போதும்!"

"முக்காடு எங்கே? போட்டுட்டு வா."

முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ராசா, ஒரே ஒரு ஆள்!"

"வாயை மூடு! ஆண்டவர் பேசப்போற நேரம்!"

காவலர்கள் அவளைத் தரதரவென்று இழுத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இருநூறு ஆம்பளைகள் இருந்தார்களே, ஒருத்தன் எழுந்தானா? சவுக்குக்குப் பயந்த அந்தப் பக்தியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கரை முழுதும் உடைந்தது. சந்தியாகுவை வெள்ளம் கொண்டுபோயிற்று. விளைந்த வயலெல்லாம் போயிற்று. கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர். ராஜா என்ன செய்தான் தெரியுமா? சேறு அப்பிய காலோடு பீடத்தின்மேல் ஏறி நின்றான்!

"ஆண்டவரே, மூணு நாளா முழங்காலில் நின்னேனே! ஒரு வார்த்தை பேசலையே!" என்று கத்தினான்.

அப்போது ஆண்டவர் பேசினார். தொண்டை கட்டிப்போன குரலில் பேசினார்.

"மூணு தரம் பேசினேன்டா. காலைக் கழுவச் சொன்னே, கழுவினேன். முக்காடு போடச் சொன்னே, போட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினே. இப்போ நீ பேசு. சந்தியாகு எங்கே?"



தெரிந்துகொள்ளுங்கள்: துன்பப்படுகிறவர் குரலைக் கேட்காதவன் எத்தனை நாள் முழங்காலில் நின்றாலும் ஆண்டவருக்கு மரியாதை செய்தவன் ஆகமாட்டான்.