பவுனைப் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறியவள்

"அம்மா, எம்மவளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

சௌந்தரம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தாள். கும்பிடக்கூட மறந்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மௌனத்தம்மா. தென்காசிப் பக்கம், மலையடிவாரத்துச் சின்ன மடம் ஒன்றில் இருக்கிற துறவி. சௌந்தரத்தைவிட வயதில் இளையவர். பேர்தான் மௌனத்தம்மா. அவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்தான் மௌனமாகிப் போவார்.

சௌந்தரம் அவருடைய சிஷ்யை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குவாள், பந்தி பரிமாறுவாள். போதனை நேரத்தில் மட்டும் லேசாகக் கண்ணயர்வாள்.

"மகளுக்கு என்னக்கா?"

"அடுத்த மாசம் கல்யாணம். பவுன் நகையைப் போட மாட்டேங்கா. ஆன்லைன்ல ஒரு செட்டு வாங்கி வச்சிருக்கா. பித்தளையில கலர்க் கல்லு ஒட்டினது. பட்டுக்கு மேட்ச்சாம், இப்ப அதுதான் ஃபேஷனாம். அதைப் போட்டுத்தான் மணவறையில உக்காருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா."

"பவுனு ஏன் வேண்டாமாம்?"

சௌந்தரம் கொஞ்சம் தயங்கினாள்.

"பழைய மாடலாம்."

மௌனத்தம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செட்டு ஒரு மழைக்குத் தாங்காதும்மா. பவுனு ஏழு தலைமுறைக்கு நிக்கும். எது நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"இங்க வந்திருக்கது நீங்க. வராதவளுக்கு நான் எப்படிச் சொல்ல?"

"அப்ப எனக்காவது சொல்லுங்க."

"அடுத்த வாரம் பவுனைக் கொண்டுவாங்க."

கொண்டுவந்தாள். பாங்க் லாக்கரிலிருந்து எடுத்து, மஞ்சள் பையில் சுற்றி, தூக்குவாளியின் அடியில் வைத்து, மேலே வாழையிலை போட்டுப் புளியோதரையை நிரப்பியிருந்தாள். பஸ்ஸில் வருகிற திருடனுக்குப் புளியோதரை பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை.

மௌனத்தம்மா பையைப் பிரித்தார். ஒரு அட்டிகை. கெட்டி வளையல்கள். ரெட்டைவடச் சங்கிலி ஒன்று.

அதே ரெட்டைவடம் சௌந்தரத்தின் கழுத்திலும் கிடந்தது.

"இது?"

"இது கவரிங்மா. அசலை லாக்கர்ல வச்சிட்டு அதே மாதிரி வாங்கிப் போட்டிருக்கேன். எங்க பக்கத்துல எல்லாரும் அப்படித்தான்."

"எப்பலருந்து?"

"பிரதீபா பொறந்ததுலருந்து. அவளுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்."

"கவரிங்கைக் கழற்றிட்டு அசலைப் போடுங்க."

"ஐயோ, தேஞ்சு போகும்மா."

"ஒரு பந்தி பரிமாறினா தேயாது. போடுங்க."

கழற்றினாள். சங்கிலி கிடந்த இடத்தில் கழுத்துத் தோல் கறுத்துப் பச்சை படிந்திருந்தது. முந்தானையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டுப் பவுனைப் போட்டுக்கொண்டாள். சங்கிலி குளிர்ந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. கல்யாணப் பெண்ணாக இருந்தபோது போட்டது.

அன்றைக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த சௌந்தரத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்துவிட்டது. போதாததற்கு முந்தானையை வேறு கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

ஒருவரும் கவனிக்கவில்லை. சாம்பார்தான் கேட்டார்கள்.

ரசத்துக்கு மறுபடி வந்தாள். வேண்டாம் என்றவர்கள் இலையின் முன்பும் குனிந்து நின்றாள்.

கடைசியில் பூக்கட்டுகிற செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏக்கா, கவரிங்கை மாத்திட்டீங்களா? நல்லா மினுங்குதே. எந்தக் கடை?"

"இது பவுனு."

வரிசையே சிரித்தது.

"சரிக்கா, சரிக்கா" என்று செல்லக்கிளி தன் கழுத்தில் கிடந்ததைத் தூக்கிக் காட்டினாள். "எங்களதும் பவுனுதான்."

சௌந்தரம் வாளியை நடுப் பந்தியிலேயே வைத்துவிட்டு மௌனத்தம்மாவிடம் வந்தாள்.

"சிரிக்காளுவம்மா. சத்தியமாப் பவுனுன்னு சொல்லுதேன், நம்ப மாட்டேங்காளுவ."

"இத்தன வருசமா இந்தக் கழுத்துல அவங்க கண்டது கவரிங்தானே."

"அதுக்காக?"

"அக்கா, உங்க மக இந்தப் பவுனை எப்பப் பார்த்தா?"

சௌந்தரம் சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ" என்றாள் கடைசியில். "லாக்கர்ல."

"எதுக்குப் போனீங்க?"

"பிளஸ் டூ முடிச்சிருந்தா. வக்கீலுக்குப் படிக்கணும்னா. சென்னையில எடம் கெடச்சிருந்துது. நகையை அடகு வச்சுச் சேத்து விட்டிருவோம்னு அவ அப்பா சொன்னாரு. மூணு பேருமாப் போனோம். அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்க, நான் உள்ள போய்த் தொறந்தேன். கையில எடுத்தேன். மனசு வரல. பூட்டிட்டு வந்திட்டேன். இது உன் கல்யாணத்துக்கு வச்சிருக்கது, படிப்புக்கெல்லாம் தொடக்கூடாதுன்னுட்டேன்."

"பெறவு?"

"ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனா. இப்பவும் அங்கதான் இருக்கா. நாள் முழுக்க நின்னு சேலையை விரிச்சுக் காட்டணும். உக்கார விட மாட்டாங்க. கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு."

சௌந்தரம் கெட்டவள் இல்லை. மகளுக்காக ஒரு நகையை மகளிடமிருந்தே காப்பாற்றியவள். இந்த மாதிரிப் பாசத்தை மெச்ச முடியவில்லை. திட்டவும் முடியவில்லை.

"பழைய மாடல்னு அவ சொல்லலையே?"

"சொல்லல."

"என்ன சொன்னா?"

சௌந்தரம் மடியில் கிடந்த சங்கிலியை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கு இதுக்காக உன் கால்ல விழுந்தேன். இன்னைக்கு நீயா வந்து என் கழுத்துல போடுத. நான் என்ன, நீ நகையைத் தொங்க விடுத ஆணியாம்மான்னு கேட்டா."

வெளியே பந்தி முடிந்து இலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கல்லுச் செட்டு?"

"அவ சம்பளத்துல வாங்கினது. அதை நான் ஒரு நாள் எடுத்துப் பாத்தேன். தொடாதேன்னா. எனக்குன்னு நான் வாங்கினது இந்த வீட்டுல இது ஒண்ணுதான்னா. சண்டைக்குச் சொல்லுதான்னு நெனச்சேன்."

மௌனத்தம்மா நகைகளை மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார்.

"நான் என்னம்மா செய்யட்டும்? இதைக் கொண்டுபோய் அவ கையில குடுத்து, மன்னிச்சுக்கோ தாயின்னு கேக்கட்டுமா?"

"குடுக்காதீங்க."

"பெறவு?"

"அவகிட்ட கேளுங்க. கல்யாணத்தன்னைக்கு நீங்க போட்டுக்க, அந்தச் செட்டுலருந்து ஒரு வளையல்."

சௌந்தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"தருவாளாம்மா?"

"தெரியாது. லாக்கர் வாசல்ல நின்னப்ப அவளுக்கும் தெரியாது."